நண்பர் சேர்க்கும் இயந்திரம்: விற்றவர்கள் சொன்னதும் மறைத்ததும்

2005 அக்டோபர் 4 அன்று, லாஸ் ஏஞ்சலிஸில் சமி கம்கார் என்ற 19 வயது இளைஞர் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் இருந்த தம்முடைய பக்கத்துக்குள் சில நிரல் வரிகளை ஒளித்துவைத்தார். அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தவரின் கணக்கிலிருந்து, அவருக்கே தெரியாமல், சமிக்கு ஒரு நட்பு அழைப்பு போயிற்று. பார்த்தவரின் பக்கத்தில் ‘எல்லாவற்றுக்கும் மேலாக, சமிதான் என் நாயகன்’ என்று ஒரு வரி தானாக ஏறிக்கொண்டது. கூடவே அந்த நிரலும் அங்கே குடியேறி, அடுத்து வருபவருக்காகக் காத்திருந்தது. 20 மணி நேரத்துக்குள் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட நட்பு அழைப்புகள் வந்து குவிந்தன. தளத்தையே சற்று நேரம் மூடிவைத்துச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. 2007இல் நீதிமன்றம் கம்காரை 3 ஆண்டுகள் நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்து, சமூகசேவை செய்யவும் உத்தரவிட்டது.

கம்காரிடம் விற்பதற்கு ஒன்றுமில்லை. அவருக்கு அது விளையாட்டு. ஆனால் அவர் விளையாட்டாகச் செய்ததையே அந்த ஆண்டுகளில் பலர் விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். 2003இல் தொடங்கப்பட்ட மைஸ்பேஸை 2005 ஜூலையில் ரூப்பர்ட் மர்டாக்கின் நியூஸ் கார்ப் 58 கோடி டாலருக்கு வாங்கியது. பெயர் தெரியாத இசைக்குழுக்களும் சிறு வியாபாரிகளும் அழகு நிலையக்காரர்களும் அங்கே பக்கம் திறந்தார்கள். பக்கத்திலேயே நண்பர் எண்ணிக்கை எல்லோருக்கும் தெரியும்படி நின்றது. நாற்பது நண்பர்களோடு நிற்கும் குழுவை எந்த அரங்கக்காரர் மேடையேற்றுவார்? அந்தக் கூச்சத்தைக் குறிவைத்தே நண்பர் சேர்க்கும் மென்பொருள்கள் கடைவிரித்தன. நீங்கள் தூங்கும்போதும் அது உழைக்கும், முழுக்க முழுக்கத் தானியங்கி, உங்கள் ரசனைக்காரர்களை மட்டும் தேடிப் பிடிக்கும், தளத்தின் கண்ணில் படாது, சேரும் நண்பர்கள் வாடிக்கையாளர்களாக மாறுவார்கள் என்பதே அந்த விளம்பரங்களின் சாரம். மைஸ்பேஸ் போய் ஃபேஸ்புக், ட்விட்டர், இன்ஸ்டாகிராம், லிங்க்ட்இன் என்று தளங்கள் மாறின. விளம்பர வாசகம் மட்டும் ஏறக்குறைய மாறவே இல்லை.

இவற்றை ஒட்டுமொத்தமாகப் பொய் என்று தள்ளிவிட முடியாது. மென்பொருள் வேலை செய்தது, எண்ணிக்கையும் ஏறியது. அந்த எண்ணிக்கையை ஒருவர் எதற்காகக் காசு கொடுத்து வாங்கினாரோ, அதைப் பற்றிய வாக்குறுதியில்தான் ஏமாற்று இருந்தது. எண்ணக்கூடியதை ஒப்படைத்துவிட்டு எண்ண முடியாததையும் கொடுத்துவிட்டதாகக் காட்டுவது இந்த வியாபாரத்தின் முறை.

‘முழுத் தானியங்கி’ என்பதிலிருந்தே பார்க்கலாம். மைஸ்பேஸில் ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஓர் எண் இருந்தது. அது பக்க முகவரியிலேயே தெரிந்தது. புகழ்பெற்ற ஒரு குழுவின் நண்பர் பட்டியலிலிருந்து மென்பொருள் இந்த எண்களை வாரிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் அழைப்பு அனுப்பும். அழைப்புகள் மிகும்போது தளம் குறுக்கே கேப்சாவை நிறுத்தும். வளைந்து நெளிந்த எழுத்துகளைப் படித்துத் தட்டச்சு செய்தால்தான் மேலே போகலாம். இந்த இடத்தில் இயந்திரம் மனிதரைக் கூப்பிட்டாக வேண்டும். வாங்கியவரே உட்கார்ந்து தட்டுவது ஒரு வழி. மற்ற வழியை 2010இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்தார்கள். ஆயிரம் கேப்சாவைத் தீர்த்துத்தர அன்றைய சந்தை விலை ஒரு டாலர் வரை இறங்கியிருந்தது. அதிலும் உட்கார்ந்து தட்டிய தொழிலாளிக்குக் கிடைத்தது ஒரு பகுதிதான். அவர்கள் எந்த நாடுகளில் இருக்கிறார்கள் என்று கண்டறிய, ஆய்வாளர்கள் பல மொழிகளில் கேப்சா தயாரித்து அனுப்பிப் பார்த்தார்கள். அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. தானியங்கி என்று விற்கப்பட்டதன் பின்னால், சீனா, இந்தியா, வங்கதேசம் போன்ற நாடுகளின் மலிவுக் கூலிக் கைகள் இருந்தன.

அடுத்தது, உங்கள் ரசனைக்காரர்களைத் தேடிப் பிடிக்கும் என்ற வாக்குறுதி. இதைச் சோதித்துப் பார்க்க நல்ல ஆதாரம் கனடாவிலிருந்து கிடைத்திருக்கிறது. 2011இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நால்வர் ஃபேஸ்புக்கில் 102 போலிக் கணக்குகளை உருவாக்கி, நிரல் கொண்டு எட்டு வாரம் இயக்கினார்கள். தளத்துக்குச் சந்தேகம் வராதிருக்க, ஒவ்வொரு கணக்கும் நாளொன்றுக்கு 25 அழைப்புகளுக்கு மேல் அனுப்பவில்லை. முதல் கட்டமாக முன்பின் தெரியாத 5,053 பேருக்கு அழைப்பு போயிற்று. 976 பேர் ஏற்றார்கள். அதாவது, சுமார் 19 விழுக்காடு. இரண்டாம் கட்டத்தில், இப்படி ஏற்றவர்களின் நண்பர்களுக்கு அழைப்பு அனுப்பினார்கள். 3,517 பேரில் 2,079 பேர், சுமார் 59 விழுக்காட்டினர், ஏற்றுக்கொண்டார்கள். பொது நண்பர்கள் கூடக் கூட ஏற்பு விகிதம் 80 விழுக்காடு வரை போனது.

மென்பொருள் விற்பனையாளர் ஒருவர் இந்த எண்களைப் பார்த்தால் துள்ளிக் குதிப்பார். அந்நியரில் ஐந்தில் ஒருவர், நண்பரின் நண்பரில் பாதிக்கு மேல். இதைவிட நல்ல விளம்பரம் வேண்டுமா? ஆனால் அந்த ஆய்வில் அவர் வாசிக்க விரும்பாத பக்கமும் இருக்கிறது. அந்நியரின் அழைப்பை யார் ஏற்கிறார்கள் என்று பார்த்தபோது, ஏற்கெனவே நண்பர் கூட்டம் அதிகமாக உள்ளவர்களே அதிகம் ஏற்பது தெரிந்தது. ஒரு வியாபாரியின் கோணத்திலிருந்து இதை யோசித்துப் பார்க்கலாம். ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துவைத்திருப்பவரின் பார்வைக்கு நாள்தோறும் வந்து விழும் பதிவுகளுக்குக் கணக்கில்லை. அந்த நெரிசலில் நேற்றுச் சேர்ந்த முகமறியாத கடைக்காரரின் அறிவிப்பு அவர் கண்ணில் படும் வாய்ப்பு மிகக் குறைவு. யோசித்துச் சேர்ப்பவர், சேர்த்தவரின் பேச்சைக் கேட்பவர், அழைப்பைத் தட்டிக்கழித்துவிடுவார். ஆக, இயந்திரம் தன்னையறியாமல் ஒரு வடிகட்டலைச் செய்கிறது. கேட்கக்கூடியவர்களை வெளியே விட்டு, கேட்காதவர்களைப் பொறுக்கிச் சேர்க்கிறது. ‘இலக்கு பார்த்து’ என்று சொல்லப்பட்டதற்கு நேர்மாறான இலக்கு இது.

இன்னொன்றும் அந்த ஆய்வில் உண்டு. ஊடுருவிய கணக்குகள் வழியே ஆய்வாளர்களால் 46,500 மின்னஞ்சல் முகவரிகளையும் 14,500 வீட்டு முகவரிகளையும் திரட்ட முடிந்தது. நண்பர் சேர்ப்பில் உண்மையிலேயே பணம் பார்க்கக்கூடிய வழி எதுவென்று இந்த இரண்டு எண்கள் சொல்லிவிடுகின்றன. அது பாட்டு விற்கும் வழியல்ல, தகவல் திருடும் வழி.

வாடிக்கையாளராக மாறுவார்கள் என்ற கதைக்கு இன்ஸ்டாகிராம் காலம் வேறொரு முடிவை எழுதியது. அங்கே நண்பர் அழைப்பு கிடையாது. பின்தொடர்வதும் லைக் போடுவதும்தான். அதனால் மென்பொருளும் புது வேலை கற்றுக்கொண்டது. உங்கள் பெயரில் ஊரார் படங்களுக்கெல்லாம் லைக் போட்டு, ‘அருமை’ என்று எழுதிவைத்து, சிலரைப் பின்தொடர்ந்து, பதிலுக்கு அவர்கள் உங்களைப் பின்தொடர்ந்ததும் சத்தமில்லாமல் விலகிவிடும். 2016இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் மேக்ஸ் சாஃப்கின் இப்படிப்பட்ட இன்ஸ்டாகிரெஸ் சேவையைத் தாமே ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்து, ப்ளூம்பெர்க் பிசினஸ்வீக் இதழில் எழுதினார். அந்த மாதத்தில் அவர் பெயரில் 28,000க்கு மேற்பட்ட லைக்குகளும் 7,000க்கு மேற்பட்ட கருத்துகளும் போயின. பின்தொடர்வோர் கூடவே செய்தார்கள். ஆனால் இதே சேவையை ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வாங்கும்போது என்ன நடக்கும் என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. உங்கள் இயந்திரம் பாராட்டியது இன்னொருவரின் இயந்திரம் ஏற்றிய படத்தை. நன்றி சொன்னதும் இயந்திரமே. உரிமையாளர்கள் இருவரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். விளம்பரத்தில் இருந்த அந்த ஒரு வரி மட்டும் சொல்லுக்குச் சொல் உண்மை.

தளத்தின் கண்ணில் படாது என்பதுதான் எல்லாவற்றிலும் துணிச்சலான வாக்குறுதி. இதில் ஓரளவு உண்மை உண்டென்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கனடா ஆய்வில் 102 போலிக் கணக்குகளில் ஃபேஸ்புக் முடக்கியது 20ஐ மட்டுமே. அதுவும் சாதாரணப் பயனாளர்கள் புகார் செய்த பிறகு. 2019இல் நேட்டோவோடு தொடர்புடைய தகவல்தொடர்பு ஆய்வு மையம் வெளியிட்ட அறிக்கையும் இதைத்தான் சொன்னது. 300 யூரோ செலவில் ஏறக்குறைய 54,000 போலி லைக்குகளையும் கருத்துகளையும் பார்வைகளையும் பின்தொடர்வோரையும் அவர்களால் வாங்க முடிந்தது. நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோதும் ஐந்தில் நான்கு பங்கு அப்படியே இருந்தது.

ஆனால் இன்று பிடிபடவில்லை என்பது என்றைக்கும் பிடிபடாது என்பதாகாது. 2014 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் ஒரே வீச்சில் போலிக் கணக்குகளைக் களைந்தபோது ஜஸ்டின் பீபர் 35 லட்சம் பேரை இழந்தார். மேஸ் என்ற ராப் பாடகருக்கு 16 லட்சம் பேர் இருந்தார்கள். ஒரு லட்சம் அளவுக்குச் சரிந்ததும் அவர் கணக்கையே நீக்கிவிட்டார். போலிகள் பிரபலங்களை அவர்கள் கேட்காமலேயே பின்தொடர்வதும் உண்டு என்பதால் இழந்தவர்கள் எல்லாரையும் வாங்கியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. எண்ணிக்கை ஒரே நாளில் கரையக்கூடியது என்பதே இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது. 2017 ஏப்ரலில் இன்ஸ்டாகிரெஸ், இன்ஸ்டாகிராமின் கோரிக்கையை ஏற்றுக் கடையை மூடியது. அடுத்த மாதம் மாஸ்பிளானர் என்ற இன்னொரு பெரிய சேவையும் மூடப்பட்டது. 2018 நவம்பரில், இத்தகைய செயலிகள் வழியே வந்த லைக்குகளையும் பின்தொடர்வுகளையும் நீக்கப்போவதாக இன்ஸ்டாகிராம் வெளிப்படையாகவே அறிவித்தது.

பிடிபட்டபின் என்னவாகும் என்பதற்குத் தி குளோப் டாட் காம் வழக்கே போதும். 1998 நவம்பரில் பங்குச்சந்தைக்கு வந்த முதல் நாளிலேயே 606 விழுக்காடு விலையேறி, டாட் காம் மோகத்தின் சின்னமாகப் பேசப்பட்ட நிறுவனம் அது. 2006இல் தன் இணையத் தொலைபேசிச் சேவையை விற்க மைஸ்பேஸில் குறைந்தது 95 போலிப் பக்கங்களை அச்சு அசலாக ஒன்றுபோல உருவாக்கி, ஏறக்குறைய 4 லட்சம் விளம்பரச் செய்திகளை உறுப்பினர்களுக்கு அனுப்பியது. மைஸ்பேஸின் பயன்பாட்டு விதிகளில், அனுமதியற்ற ஒவ்வொரு செய்திக்கும் 50 டாலர் இழப்பீடு என்று ஒரு பிரிவு இருந்தது. யாரும் படிக்காமல் ‘ஏற்கிறேன்’ என்று சொடுக்கிவிட்டுப் போகும் விதிகள்தான் அவை. 2007 பிப்ரவரியில் கலிஃபோர்னியா கூட்டாட்சி நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லும் என்றது. 25.5 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்ட அந்த நிறுவனம், அதே ஆண்டில் அந்தத் தொலைபேசித் தொழிலிலிருந்தே வெளியேறியது.

குப்பைச் செய்திக்காரர் சான்ஃபோர்ட் வாலஸின் கதை இன்னும் நீளம். மைஸ்பேஸில் நிரல் வைத்து 11,000க்கு மேற்பட்ட பக்கங்களை உருவாக்கினார் என்ற குற்றச்சாட்டுடன் தொடங்கிய வழக்கில், 2008இல் அவரும் கூட்டாளியும் சுமார் 23 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டு ஃபேஸ்புக் வழக்கில் 71 கோடி டாலர். அவரிடம் அவ்வளவு பணம் இருந்திருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். ஏறக்குறைய 5 லட்சம் ஃபேஸ்புக் கணக்குகளைக் கைப்பற்றி 2.7 கோடி குப்பைச் செய்திகள் அனுப்பியதற்காக 2016இல் இரண்டரை ஆண்டு சிறைத்தண்டனையும் கிடைத்தது. வாலஸ் போன்றவர்கள் பெரிய கைகள்; நண்பர் சேர்க்கும் மென்பொருளை வாங்கிய சிறு இசைக்குழு யாரும் சிறைக்குப் போகவில்லைதான். ஆனால் அவர்களுக்குக் கிடைத்த தண்டனை வேறு மாதிரி. கணக்கு முடக்கப்பட்டால், இயந்திரம் சேர்த்தவர்களோடு உண்மையான ரசிகர்களும் சேர்ந்தே போனார்கள். விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டால், தள விதிகளை மீறிய பொறுப்பு வாங்கியவருடையதே என்ற சிறு எழுத்து வாசகம் எங்காவது இருக்கும்.

இதில் தளங்களை நிரபராதிகள் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. 2006 ஆகஸ்டில் மைஸ்பேஸ் உள்ளிட்ட தளங்களில் விளம்பரம் காட்ட கூகிள் குறைந்தது 90 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. தளத்துக்கு வரும் போக்குவரத்து குறையாமல் இருந்தால்தான் அந்தத் தொகை. நண்பர் எண்ணிக்கையை மனிதர்களின் மதிப்பெண்ணாக ஆக்கிப் பக்கத்தில் ஒட்டியது மென்பொருள்காரர் அல்லர், தளம். அந்த மதிப்பெண்ணுக்கு ஆசைப்படச் சொல்லிக்கொடுத்துவிட்டு, குறுக்குவழி விற்பவரை மட்டும் வழக்கு மன்றத்துக்கு இழுப்பதில் ஓர் இரட்டை வேடம் இருக்கிறது. 2011 ஜூனில் மைஸ்பேஸ் வெறும் 3.5 கோடி டாலர் அளவுக்குக் கைமாறியது. 2019இல், முன்பு ஏற்றப்பட்ட ஐந்து கோடிக்கு மேற்பட்ட பாடல்கள் சேமிப்பகம் மாற்றும்போது அழிந்துவிட்டன என்ற செய்தி வெளிவந்தது. நண்பர் சேர்க்க இரவெல்லாம் இயந்திரம் ஓட்டிய குழுக்களின் பாட்டும் அதில் போயிருக்கும்.

விளம்பரங்கள் வாய்திறக்காத விஷயம் கடவுச்சொல். உங்கள் பெயரில் இயங்க வேண்டுமானால் சாவி வேண்டுமல்லவா? 2013இல் இன்ஸ்ட்லைக் என்ற செயலிக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் தங்கள் இன்ஸ்டாகிராம் பெயரையும் கடவுச்சொல்லையும் மனமுவந்து கொடுத்ததாக சைமன்டெக் நிறுவனம் எச்சரித்தது. 2020 ஜனவரியில் சோஷியல் கேப்டன் என்ற சேவை, வாடிக்கையாளரின் கடவுச்சொற்களை மறையாக்கம்கூடச் செய்யாமல் வைத்திருந்ததும் அவற்றை வெளியாட்கள் எளிதாகப் பார்க்க முடிந்ததும் அம்பலமானது.

இன்னும் தந்திரமான வகை, காசே வாங்காதது. இலவசமாக லைக் தருகிறோம், பதிலுக்கு உங்கள் ஃபேஸ்புக் கணக்கின் அணுகல் குறியீட்டைக் கொடுங்கள் என்பார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வு இத்தகைய கூட்டு வலைப்பின்னல்களில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கணக்குகள் சிக்கியிருந்ததைக் கண்டது. அவற்றின் வாசலில் குவிந்தவர்களில் இந்தியர்கள் கணிசம். உங்கள் படத்துக்கு இருநூறு லைக் வந்திருக்கும். அதே நேரத்தில் உங்கள் பெயரில் யார் யாருக்கோ லைக் போய்க்கொண்டிருக்கும். அரசியல் பதிவா, ஆபாசப் பக்கமா என்பது உங்களுக்குத் தெரியாது; பார்க்கும் உறவினருக்குத் தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் இவை விற்றது எப்படி? பெரும்பங்கு, பாரபட்சமற்ற மதிப்புரை என்ற போர்வையில் வந்த தரகு விளம்பரங்களுக்கு. ஐந்து மென்பொருள்களை ஒப்பிட்டு ஒன்றைச் சிறந்தது என்று சிபாரிசு செய்யும் எழுத்தாளருக்கு அதன் ஒவ்வொரு விற்பனையிலும் பங்கு உண்டு. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், பணத் தொடர்பை வெளிப்படுத்தியாக வேண்டும் என்று 2009இல் வழிகாட்டு நெறிகளைத் திருத்தியது. போலிச் செல்வாக்கு விற்பனையின்மேல் அது நேரடியாகக் கைவைத்தது பத்தாண்டு கழித்துத்தான். ட்விட்டர் பின்தொடர்வோரை விற்ற டெவுமி நிறுவனத்தின் போலிக் கணக்குகளில் குறைந்தது 55,000, உண்மையான மனிதர்களின் பெயரையும் படத்தையும் திருடிச் செய்யப்பட்டவை என்று 2018 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளிப்படுத்தியது. 2019 அக்டோபரில் ஆணையம் அதன் உரிமையாளர்மேல் 25 லட்சம் டாலர் தீர்ப்பைப் பெற்றது. 2024 அக்டோபர் 21 முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, இயந்திரங்களாலோ களவாடிய கணக்குகளாலோ உருவான பின்தொடர்வோரை வணிக நோக்கில் விற்பது மட்டுமல்ல, தெரிந்தே வாங்குவதும் அங்கே விதிமீறல்.

இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. 2020 ஜூலையில் ஒரு பின்னணிப் பாடகி தம் பெயரில் இயங்கிய போலிக் கணக்கைப் பற்றிப் புகார் கொடுக்க, அதன் நூலைப் பிடித்துப் போன மும்பை காவல்துறை, பின்தொடர்வோரை விற்கும் சந்தையையே விசாரிக்கச் சிறப்புப் படை அமைத்தது. கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. மென்பொருள் விளம்பரத்தில் சொன்னது பொய் என்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பத்து லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரை, அபராதம் போடலாம்.

ஆகவே இப்படி ஒன்றை விற்க வருபவரிடம் எத்தனை நண்பர்கள் சேருவார்கள் என்று கேட்காதீர்கள். அதற்கு அவர் உண்மையான பதிலே சொல்லக்கூடும். இதைப் பயன்படுத்திய ஒரு கடையின் மூன்று மாத விற்பனைக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். கணக்கு முடங்கினால் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதித்தரச் சொல்லுங்கள். ஏற்கெனவே கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டவர்கள் இன்றே அதை மாற்றி, கணக்கின் அமைப்புகளுக்குள் போய் வெளிச் செயலிகளுக்குத் தந்த அனுமதியை நீக்கிவிடுங்கள். பணம் பறிபோயிருந்தால் 1930, விளம்பரம் ஏமாற்றியிருந்தால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.